கடல் விலகிய ஊரும் வெள்ளம் வந்த இரவும்

கொற்கைக்கு வருகிறவர்கள் முதலில் கடலைத்தான் தேடுகிறார்கள். முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம், சிலப்பதிகாரம் கூறும் வெற்றிவேற் செழியன் இருந்து ஆண்ட பட்டினம், கிரேக்கக் கடலோடிகள் தங்கள் ஏட்டில் 'கொல்கி' எனக் குறித்துவைத்த கரை என்றெல்லாம் படித்துவிட்டு வரும் அவர்களுக்கு இங்கே காணக் கிடைப்பவை வயலும் வாழைத் தோட்டமும் பெரியதொரு குளமும் பழைய வன்னி மரமுமே. கடலோ கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கடலைத் தள்ளியது தாமிரபரணி. பேராயர் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் கொற்கையையும் பழையகாயலையும் நேரில் வந்து ஆராய்ந்தார். ஆறு கொணர்ந்த வண்டல் கரையை நீட்டிக்கொண்டே போக, கொற்கைக்குப் பின் காயலும், காயலுக்குப் பின் தூத்துக்குடியும் துறைமுகங்களாயின என்று அவர் எடுத்துக் காட்டினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்திறங்கிக் கண்ட காயலும் இன்று உள்நாட்டு ஊர். ஆக, நாம் உழுகின்ற வயலும், வீடு கட்டிய மனையும், கோயிலும், கல்லூரித் திடலும் ஆறு தந்த மண்ணின்மீதே நிற்கின்றன. அந்த மண்ணின் ஒவ்வொரு பிடியும் ஏதோ ஒரு வெள்ளத்தில் வந்து சேர்ந்தது. வெள்ளம் இப்பகுதிக்கு வழி தவறி வந்த விருந்தாளியன்று. நாம் வருவதற்கு முன்பே இங்கு வந்துபோய்க்கொண்டிருந்தது அது.

இந்த எளிய உண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தது. அதற்குப் பின் அத்தகைய பெருவெள்ளம் வர 31 ஆண்டுகள் ஆயின. 31 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. 1992-இல் கைக்குழந்தையாயிருந்தவர் 2023-இல் தம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினார்.

அந்த ஞாயிறும் திங்களும்

2023 டிசம்பர் 17. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. குமரிக் கடல் பகுதியின்மேல் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சியால் மழை பிடித்தது. அது பெயர் சூட்டப்பட்ட புயலன்று, பெருங்காற்றும் இல்லை. வெறும் மழைதான். ஆயினும் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. எனப் பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறுகின்ற சராசரி மழையையும் விஞ்சிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

95 செ.மீ. என்பதைப் பலரும் வெறும் எண்ணாகவே கேட்டுவிட்டுப் போகிறார்கள். நம் பங்கு இளைஞர்களோடு அமர்ந்து அதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது அவ்வளவு மழை விழுந்தால் 38 இலட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 300-க்கு மேல் வேண்டும், அந்த ஓர் ஏக்கரின் மழையை அள்ளிச் செல்ல. வானம் ஓர் ஏக்கர்மீது மட்டுமா பெய்தது?

விளைவுகளை நாடறியும். ஆற்றில் நொடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அறுத்துச் சென்றது. கடைத்தெருவில் வணிகர்களின் சரக்கு சேற்றில் புதைந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் புறநகர்கள் மூழ்கின. அந்தோணியார்புரம் அருகே திருநெல்வேலி நெடுஞ்சாலை துண்டானது. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குச் செல்ல வழியற்றுப் போயிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு இரயில் ஞாயிறு இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளையையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகளுள் ஒரு பகுதியினர் பேருந்துகளில் அருகிலுள்ள பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் சுற்றிலும் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே செவ்வாய்வரை காத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். தங்கள் வீட்டிலும் அரிசி குறைவாயிருந்த நேரத்தில், கோயிலில் அடுப்பு மூட்டி, முன்பின் அறியாதவர்களுக்குப் பசியாற்றினார்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நற்செய்திப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் இப்போது நமக்குப் புதுக்குடியும் நினைவுக்கு வருகிறது.

நம் பங்கின் மக்களும் அந்த இரண்டு இரவுகளைக் கோயில் மண்டபத்தில் கழித்தார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பாதி கட்டிய கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோலை எடுத்துக் குழந்தைகளுக்குப் படுக்கை விரித்தார்கள். அங்கே நாம் கண்டது ஒன்று உண்டு. உணவு ஒருவாறு கிடைத்தது, துணியும் கிடைத்தது. கிடைக்காமல் தவித்தவை வேறு. சர்க்கரை நோயாளிக்கு ஊசி மருந்து. நடக்க இயலாத மூதாட்டியைத் தூக்கி வர ஒரு கட்டில். எந்தத் தெருவில் யார் தனியாயிருக்கிறார் என்னும் பட்டியல். இவை மூன்றும் வெள்ளத்துக்கு முன்னரே ஆயத்தமாயிருக்க வேண்டியவை. வெள்ளம் வந்தபின் எவ்வளவு அன்பு இருந்தாலும் அவற்றை உண்டாக்க முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"அணையைத் திறந்துவிட்டார்கள்; அதனால்தான்" என்று பலர் கூறக் கேட்டோம். 1992-இல் அணைகளிலிருந்து வெளியேறிய நீர் பெரும் பங்கு வகித்தது. ஆகவே அந்த நினைவில் மக்கள் அவ்வாறு பேசுவது இயல்பே. ஆயினும் 2023-இன் பாடம் வேறு. பாபநாசம் அணை 143 அடி. மணிமுத்தாறு அணை 118 அடி. அவை பொதிகை மலையடியில் உள்ளவை. காயல்பட்டினமும் திருச்செந்தூரும் கடற்கரையில் உள்ளவை. அங்கே பெய்த மழையை எந்த அணையாலும் தடுத்திருக்க முடியாது. ஏனெனில் அது அணைகளுக்குக் கீழே, சமவெளியின்மீதே பெய்தது. மேலே மலையிலும் மழை, கீழே சமவெளியிலும் மழை. இரண்டும் ஒரே இரவில் சந்தித்தன. ஆற்றின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் திட்டம் இனி நமக்குப் போதாது.

ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால், தென்கால் வழியே ஏறத்தாழ 25,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. கால்களிலிருந்து குளங்கள், ஒரு குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம், கடைசிக் குளத்திலிருந்து கடல் என இந்த அமைப்பைச் சங்கிலிபோல் கோத்துவைத்தார்கள் நம் முன்னோர். பெருங்குளம், ஆறுமுகமங்கலம், கொற்கை என வடகரையிலும், கடம்பாகுளம், ஆத்தூர் எனத் தென்கரையிலும் பரந்துகிடக்கும் இக்குளங்கள் பயிருக்கு நீர் தருவதோடு நிற்பவையல்ல. வேகமாக வரும் வெள்ளத்தை வாங்கி நிறுத்தி, மெல்ல மெல்ல வெளிவிடுபவையும் அவையே.

ஆனால், தூர்ந்த குளம் அவ்வளவு வாங்காது. கரை மெலிந்த குளம் உடைகிறது. உடைந்த குளத்தின் நீர் அடுத்த குளத்தின்மேல் விழுந்து அதையும் உடைக்கிறது. காப்பாற்ற அமைந்த சங்கிலியே அப்போது அழிவின் சங்கிலியாகிவிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலேயே மணலும் சேறும் மேடிட்டு, 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டால் தூர்வாரத் தொடங்கினார்கள் என்பதை நினைவுகூர்வோம். அதற்கு முன்னர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு அவர்கள் ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தாமே வாதாட, 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுக்கத் தடை விதித்தது. எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஓர் ஆற்றுக்காக நீதிமன்றப் படியேறினார். நம்பிக்கையுள்ளவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் அவருக்கு நன்றிக் கடன்பட்டவர்கள்.

இவற்றோடு சாலைகளையும் இரயில் பாதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குச் சரியும் நிலத்தில், வடக்கு தெற்காக உயர்த்திப் போட்ட ஒவ்வொரு சாலையும் ஓர் அணைக்கட்டே. அதன் அடியில் போதிய கண்பாலங்கள் இல்லையேல் தண்ணீர் தேங்கும். தேங்கியது ஒரு கட்டத்தில் சாலையையே உடைத்துக்கொண்டு பாயும். ஓடையின் குறுக்கே எழுகின்ற மதிற்சுவரும் அத்தகையதே. வீடோ, பள்ளியோ, கோயிலோ, எதற்குச் சுற்றுச்சுவர் எழுப்பினாலும், "மழைநீர் இவ்வழியே எங்கே போகிறது?" என்று முதலில் கேட்பது இனி நம் கடமை.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய், ஆற்றின் உபரிநீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பகுதிகளின் வறண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்கிறது. வரவேற்கத்தக்க பணி. ஆயினும் அதன் கொள்ளளவு நொடிக்குச் சில ஆயிரம் கன அடிதான். இலட்சம் கன அடி வரும் நாளில் அதையே நம்பியிருக்க இயலாது. வறட்சிக்கு அது மருந்து. வெள்ளத்துக்குப் பெரும் காப்பு நம் குளங்களும் ஆற்றின் அகலமுமே.

மடையைத் திறப்பது யார்?

இங்கேதான் மிகக் கடினமான கேள்வி எழுகிறது. வெள்ளத்துக்குப் பின் ஒருநாள், நெடுங்காலம் குளத்து மடை பார்த்த முதியவர் ஒருவரோடு கரையில் நடந்தோம்.

"பாட்டையா, அந்தக் காலத்துல பெருமழ வாரதுக்கு முன்ன என்ன செய்வீங்க?" என்று கேட்டோம்.

"கொண்டல் இருட்டிக்கிட்டு வந்தா ரெண்டு நா முன்னாலயே மடையத் தொறந்துருவோம் சாமி. கொளத்துல எடம் வேணும்லா? இப்ப மடை எங்க இருக்குன்னே பயலுவளுக்குத் தெரியல. தொறன்னு சொல்லுததுக்கும் ஆளு இல்ல."

இடம் வேண்டும் என்று அவர் சொன்னதே வெள்ளத் தடுப்பின் சாரம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நிறைந்த குளம் விவசாயியின் ஆண்டு வருமானம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது குளங்கள் வெடித்துக் கிடந்ததை அவர் மறக்கவில்லை. "பெருமழை வருகிறதாம், குளத்தைப் பாதியாக்குங்கள்" என்று வானிலை அறிக்கையைக் காட்டி அவரிடம் கூறுகிறோம். மழை திசை மாறிப் போய்விட்டால்? வாழை வாடும், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் காயும். பள்ளத்தில் குடியிருப்பவரின் உயிருக்காக மேட்டில் பயிரிடுபவர் தம் ஆண்டு வருமானத்தைப் பணயம் வைக்க வேண்டுமா? வைத்து அவர் தோற்றால் இழப்பை யார் ஏற்பது?

இரு தரப்பாரும் நம் மக்களே. பல வேளைகளில் ஒரே கோயிலில் அடுத்தடுத்து நிற்பவர்கள். ஒரு தரப்பைத் தன்னலமென்றும் மறு தரப்பை அறியாமையென்றும் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையாகாது. உயிர் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆகவே எச்சரிக்கை வந்தால் மடை திறக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் ஒருவர் ஏற்ற இழப்பை எல்லாரும் சேர்ந்து ஈடுசெய்வதே நீதி. எந்த அளவு எச்சரிக்கைக்கு எந்த மடை எத்தனை அடி திறக்கப்படும், ஆணையிடுபவர் யார், மழை பொய்த்தால் இழப்பீடு எவ்வளவு என்பதைக் கோடையிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். கொட்டும் மழையில் குளத்தங்கரையில் நின்று பேசித் தீர்க்கும் காரியமன்று இது. அங்கே பேசினால் வலியவன் சொல்தான் நிற்கும்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் ஓர் அமைப்பு வேண்டும் என்றும், மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அத்திட்டத்தில் நம் ஊர்க் குளத்தின் பெயர் இருக்கிறதா? நம் தெரு இருக்கிறதா? அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் இக்கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அன்பியக் கூட்டங்களில் நாம் இதுபற்றிப் பேசத் தொடங்கியபோது, "இது அரசியல் அல்லவா, சாமி?" என்று சிலர் தயங்கினார்கள். தன் அயலான் இரவில் மூழ்காதிருக்க வேண்டும் என்று கேட்பது அரசியலானால், நல்ல சமாரியனும் அரசியல்வாதியே.

கல்லூரிகள் செய்யக்கூடியவை

நம் பகுதிக்கு வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு செல்வம் உண்டு. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும், தூய மரியன்னை, வ.உ.சி., காமராஜ் கல்லூரிகளும். கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி. சாயர்புரத்தில் போப் கல்லூரி. நாசரேத்தில் மர்காஷியஸ் கல்லூரி. திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி. பாளையங்கோட்டையில் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி முதலாகப் பல. இவற்றுக்கெல்லாம் அண்டையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆற்றின் கீழ்ப்படுகையைச் சுற்றிக் கல்லூரிகளால் வேலி கட்டியதுபோல் இருக்கிறது. இத்துணைக் கல்வி சூழ்ந்த ஆற்றங்கரையில் எந்த மடை எங்குள்ளது என்று அறிந்தவர் ஓரிரு முதியவரே என்பது வேதனைக்குரியது.

ஒவ்வொரு கல்லூரியும் ஒரு குளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கரையின் மெலிந்த இடங்களையும் மறுகாலின் அகலத்தையும் கண்பாலங்களையும் அளந்து படமாக வரையலாம். மடை பார்த்த முதியவர்களின் சொற்களைப் பதிவுசெய்யலாம். அவர்கள் போனபின் அந்த அறிவும் போய்விடும். படுக்கையிலிருப்போர், கருவுற்றோர், தனித்து வாழ்வோர் பட்டியலைத் தெருத்தெருவாக எழுதி ஆண்டுதோறும் திருத்தலாம். 2023-இன் நீர்மட்டத்தை ஆலயச் சுவரிலும் பள்ளிவாசல் சுவரிலும் கோயில் மதிலிலும் கல்லூரி வாயிலிலும் கோடிட்டு, ஆண்டைப் பொறித்து வைக்கலாம். அடுத்த தலைமுறை மனை வாங்குமுன் அந்தக் கோட்டைப் பார்க்கட்டும்.

இவையெல்லாம் சிறு செயல்கள் எனத் தோன்றலாம். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970-இன் புயலில் அங்கே குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டார்கள். அதன்பின் அவ்வேழை நாடு தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தது; நாளும் பள்ளிக்கூடமாகவும் ஆபத்தில் புகலிடமாகவும் பயன்படும் கட்டடங்களை உயரத் தூண்களின்மேல் எழுப்பியது. 2007-இல் கடும் புயலான சிதர் தாக்கியபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே, ஆயினும் இலட்சங்கள் ஆயிரங்களாயின. ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகச் சென்ற தன்னார்வ இளைஞர்களுக்கும் மேட்டில் நின்ற பள்ளிக்கும் அதில் பெரும் பங்குண்டு.

விவேகமும் பராமரிப்பும்

"இது கடவுளின் தண்டனையா, சாமி?" என்று மண்டபத்தில் ஒரு தாய் கேட்டார். வீடிழந்தவரிடம் இறையியல் விளக்கம் கூறும் வேளையன்று அது. அவர் அருகில் அமர்ந்திருந்தோம். பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தபோது குருமடத்தில் பயின்ற ஒன்று நினைவுக்கு வந்தது. கடவுள் உலகைப் பேணுவதைக் குறிக்கும் 'ப்ரொவிதென்ஸியா' என்னும் இலத்தீன் சொல்லே, மனிதன் வருவதை முன்னோக்கி ஏற்பாடு செய்வதையும் குறிக்கிறது. புனித தோமா அக்குவினாஸ் அந்த முன்னோக்கை விவேகம் என்னும் நற்பண்பின் தலையாய கூறாக வைக்கிறார். பகுத்தறிவுள்ள மனிதன் தனக்கும் பிறருக்கும் முன்னேற்பாடு செய்யும்போது இறைப் பராமரிப்பிலேயே பங்குகொள்கிறான் என்பதும் அவர் போதனை.

அப்படியானால் இறைப் பராமரிப்பை நம்புவதும் குளக்கரையைப் பலப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்தது நம்பிக்கைக் குறைவாலன்று. கோபுரம் கட்ட விழைபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவரே எடுத்துக்காட்டுக் கூறினார். கணக்கிட உட்காருவதும் ஒரு பக்திச் செயலே என நாம் கொள்கிறோம். கடவுளின் பராமரிப்பு பல வேளைகளில் கண்பாலத்தின் அகலமாகவும், மடையின் எண்ணெயிட்ட திருகாகவும், ஒரு பள்ளி மாணவி கையால் எழுதிய பெயர்ப் பட்டியலாகவும் நம்மிடம் வருகிறது.

தாமிரபரணி மீண்டும் பெருகும். எந்த ஆண்டு என்று எவரும் கூற இயலாது. அடுத்த ஐப்பசியாகவும் இருக்கலாம், நம் பேரப்பிள்ளைகள் காலமாகவும் இருக்கலாம். ஆகவே இவ்வாண்டு மழைக்கு முன் ஒவ்வொரு பங்கும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கட்டும். நம் குளத்து மடையின் சாவி யாரிடம் உள்ளது? நள்ளிரவில் தண்ணீர் ஏறினால் நாம் கூடுமிடம் எது? நடக்க இயலாதவரைத் தூக்கி வருவோர் யார், யார்? மூன்றாம் வினாவின் கீழ் இரண்டு பெயர்களாவது இருக்க வேண்டும். ஒருவரால் கட்டிலைத் தூக்க முடியாது.